பல்ப் என்ன பாவம் செய்தது?

மார்கழியில் ஒரு நாளாவது விடியற்காலையில் மலை மந்திர் போய்வருவது எங்கள் வீட்டு வழக்கம். இரண்டு வருஷத்துக்கு முன் அப்படித்தான் மயூர் விஹாரிலிருந்து நானும் மனைவியும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டோம். மணி ஐந்து. யமுனைப் பாலத்தில் ஏறியதும் நல்ல மூடுபனி. பாதிப் பாலத்தில் ஹெட்லைட் பட்டென்று அணைந்தது. "ஏங்க, லைட் போயிடுச்சா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், பின்னால் வந்த லாரி ஒன்று ஹாரனை அலறவிட்டபடி எங்களை உரசினாற்போல் கடந்தது. பின்விளக்கும் கூடவே போயிருந்தது என்பது இறங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. முருகன் கிருபை, ஓரமாகத் தள்ளிக்கொண்டே கரை சேர்ந்தோம்.

இரண்டு மாதத்தில் அது மூன்றாவது பல்ப். ஒவ்வொரு முறையும் மெக்கானிக், "மால் சரியில்லை" என்று புதிதாக ஒன்றைப் போட்டு அனுப்புவார். நானும் பேசாமல் காசைக் கொடுத்துவிட்டு வருவேன். அன்று அகப்பட்டவர் வேறொரு வயதான மிஸ்திரி. பாட்டரியில் மீட்டரை வைத்து எஞ்சினை முடுக்கினார். 14, 14.5 வோல்ட்டில் நிற்க வேண்டிய முள் 17ஐத் தாண்டியது. ரெகுலேட்டர் போயிருந்தது. "பல்ப் என்ன பாவம் செய்தது, பாயி சாஹப்?" என்றார். ரெகுலேட்டரை மாற்றியபின் அவர் போட்ட பல்ப் இன்றுவரை எரிகிறது.

முதல் மெக்கானிக்கை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன். ஏன் அடிக்கடி போகிறது என்று ஒரு வார்த்தை கேட்காதது என் தப்பு. இதையெல்லாம் நாம் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்குத்தானே மெக்கானிக் என்று சிலர் கேட்கலாம். ரிப்பேர் செய்யத் தெரிய வேண்டாம். சரியான கேள்வி கேட்கத் தெரிந்தால் போதும். ஹை, லோ இரண்டில் ஒன்று மட்டும் எரியவில்லையா? பல்பின் ஒரு இழையோ டிப்பர் ஸ்விட்சோ காரணம். இரண்டுமே இல்லையா? பல்போடு ஃபியூஸ், கனெக்டர், எர்த் ஒயர் எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். குண்டு குழியில் விட்டுவிட்டு எரிகிறதா? எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது அல்லது துருப்பிடித்திருக்கிறது. பல்ப் அடிக்கடி போகிறதா? மீட்டர் வைக்காமல் விடாதீர்கள். ஹாலஜன் பல்பின் கண்ணாடியை வெறும் விரலால் தொடவும் விடாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கு பட்ட இடம் அதிகமாகச் சூடேறிச் சீக்கிரம் போய்விடும்.

நம் இளைஞர்கள் சிலர் செய்வது இன்னொரு விபரீதம். வெளிச்சம் போதவில்லை என்று கரோல்பாகில் போய்க் கண்ணைப் பறிக்கும் வெள்ளை எல்.இ.டி. வாங்கி மாட்டுகிறார்கள். ஹாலஜனுக்கென்று அமைந்த ரிஃப்ளெக்டரில் அதைப் போட்டால் ஒளி சிதறி, எதிரே வருபவர் கண்ணில்தான் அடிக்கும். 35 வாட் இடத்தில் 90 வாட் போட்டால் ஹோல்டர் உருகும், ஒயர் சூடேறும். மூடுபனியில் ஹை பீம் போடுவதும் வீண். பனியில் பட்டு வெளிச்சம் நம் கண்ணுக்கே திரும்பும்.

ஹெட்லைட் நாம் பார்ப்பதற்கு மட்டுமல்ல, நம்மைப் பிறர் பார்ப்பதற்கும்தான். அதனால்தான் 2017 ஏப்ரல் 1 முதல் புதிய இருசக்கர வாகனங்களில் எஞ்சின் ஓடும்வரை விளக்கு தானாக எரியும்படி விதி வந்தது. ஆனால் ஸ்விட்ச் போடும் வேலையே இல்லாததால், பகலில் அது எரிகிறதா என்று பார்க்கும் பழக்கமும் நமக்குப் போய்விட்டது. இருட்டியபின்தான் தெரிகிறது, அதுவும் நடுரோட்டில்.

ஆகவே சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவே வண்டியைச் சுவருக்கு எதிரே 25 அடி தள்ளி நிறுத்துங்கள். வழக்கமாகப் பின்னால் உட்காருபவரையும் உட்கார வையுங்கள். பாரம் ஏறினால் பின்பக்கம் தாழ்ந்து ஒளி மேலே போகும். லோ பீமின் வெளிச்சம் ஹெட்லைட் உயரத்துக்குக் கீழேயே விழ வேண்டும். பின்விளக்கையும் பிரேக் லைட்டையும் கூடவே பார்த்துவிடுங்கள். ஐந்து நிமிஷ வேலை. நோய்டாவில் ராத்திரி வேலை முடித்து வரும் பிள்ளைக்காக இங்கே அம்மா சாப்பிடாமல் காத்திருக்கிறாள். அவளுக்காகவாவது செய்யலாம் அல்லவா?