வெயிலைக் கேட்டுக் கட்டுவோம்

எங்கள் வளவில் எனக்கென்று ஒரு வீடு எழும்புகிறது. கிழக்கில் எங்களவர்கள் பெண்பிள்ளைக்கு வீடு கொடுப்பது வழமை. அது சரியா பிழையா என்பது இன்னொரு கட்டுரை. என் கவலை பிளானைப் பற்றியது. வாப்பா தான் வேலை செய்யும் அபுதாபியில் பார்த்து விரும்பிய வீடு அது. மேற்கே முழுக் கண்ணாடி, மேலே கொங்கிறீட் பிளேட். "சூடென்றால் ஏசி பூட்டலாம்தானே மகள்" என்கிறார்.

அதே அபுதாபியில் 2012 இல் முடிக்கப்பட்ட அல் பஹ்ர் கோபுரங்கள் வேறு பாடம் சொல்கின்றன. பழைய அரபு வீடுகளின் மஷ்ரபிய்யா மரச் சல்லடையைப் பின்பற்றி, ஒவ்வொரு கோபுரத்தின் வெளியிலும் 1,000 இற்கு மேற்பட்ட மடிப்புகளை அமைத்திருக்கிறார்கள். வெயில் வரும்போது அவை குடைபோல விரியும். வெயில் நகர்ந்ததும் மடியும். வடக்குப் பக்கத்தில் மட்டும் அவை இல்லை.

இத்தகைய கட்டடங்களை வரையும் முறைக்குப் பரமெற்றிக் வடிவமைப்பு என்று பெயர். கணிதப் பிரிவினருக்குப் பரமானம் புதிதல்ல. சூரியனின் கோணம், காற்றின் திசை, யன்னலின் உயரம் ஆகியவற்றை மாறிகளாகக் கொடுத்துத் தொடர்பை எழுதிவிட்டால், எண் மாறும்போது வடிவத்தையும் கணினி மாற்றித் தரும்.

அபுதாபி எண்களை இங்கே அப்படியே போட்டால் பிழையாகும். நாங்கள் இருப்பது வட அகலக்கோடு ஏறத்தாழ 7 பாகையில். ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகல் சூரியன் எங்களுக்கு வடக்கே நிற்கிறது. கச்சான் காற்று சுடுவதும் அந்தக் காலத்தில்தான்.

கொப்பியில் கணக்குப் பார்த்தேன். மேற்கு நோக்கிய 4 அடி உயர யன்னலுக்கு, மார்ச் கடைசியில் பின்னேரம் 3 மணிக்கு முழு நிழல் வேண்டுமானால், மேலே ஏறத்தாழ 4 அடி தட்டு நீட்ட வேண்டும். 4 மணிக்கு அது 6 அடியைத் தாண்டும். ஆகவே மேற்கில் தட்டு உதவாது. துளைவிட்ட கல்லோ பலகைச் சட்டமோ நிமிர்ந்து நிற்க வேண்டும். உம்மம்மாவின் மேற்கு விறாந்தைக்குச் சட்டம் அடித்தவர் திரிகோண கணிதம் படித்தவரல்ல.

"அப்போ கம்பியூட்டர் எதுக்கு?" என்றார் உம்மா. நியாயமான கேள்வி. உம்மம்மாவின் காலத்தில் சுற்றிவரத் தென்னை. இன்று மதிலோடு மதிலாக மாடி வீடுகள். காற்று வரும் வழியே மாறிவிட்டது. ஒவ்வொரு காணிக்கும் நூறு தடவை வரைந்து பார்க்க மேசனுக்கு நேரமில்லை. மோட்டரில் அசையும் சுவர் எங்களுக்கு வேண்டாம், உப்புக் காற்றில் துருப்பிடிக்கும். அசையாத சல்லடையே போதும், துளைகளின் அளவு வெயிலைக் கேட்டு அமைந்தால்.

பெற்றோரே, பிளானுக்குச் சம்மதிக்குமுன் ஒருநாள் பின்னேரம் 4 மணிக்கு அந்தக் காணியில் நின்று பாருங்கள். பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள்.

எங்கள் வீட்டில் அத்திவாரம்தான் முடிந்திருக்கிறது. கொப்பித் தாளைப் படமெடுத்து வாப்பாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். பார்த்துவிட்டார். பதில் இன்னும் வரவில்லை.