மழையங்கி மகளிரின் இசைத்தட்டு

கற்றுத் துறைபோய பின்னரே சபையேறல் வேண்டுமென்பது சங்கீத உலகிற் பெரும்பாலார் கொள்கை. அதற்கு மாறாக, 1979-ம் ஆண்டில் லண்டன் மாநகரில் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. ‘ரெயின்கோட்ஸ்’, அதாவது மழையங்கிகள், எனப் பெயர் பூண்ட நான்கு பெண்களின் முதற் பெருந்தட்டு அது. தட்டின் பெயரும் அதுவே. வெளியிட்டோர் ‘ரஃப் டிரேட்’ நிலையத்தார். “சுருதியுமில்லை, தாளமுமில்லை” என்று இதனைத் தள்ளுவாருளர். அவர் கூற்று முற்றும் பொய்யன்று. அதனின்று அவர் கொள்ளும் முடிபே பிழையென்பது என் கருத்து.

1976, 1977-ம் ஆண்டுகளில் இங்கிலாந்தில் ‘பங்க்’ என்னும் இசைக் கிளர்ச்சி எழுந்தது. வாத்தியத்தில் தேர்ச்சியில்லாதாரும் சொல்ல வேண்டுவதொன்று உளதாயின் மேடையேறலாமென்பது அதன் துணிபு. அத்துணிபும் பெரும்பாலும் ஆடவர்க்கே பயன்பட்டது. ‘ஸ்லிட்ஸ்’ என்னும் பெண்கள் குழு மேடையேறியதைக் கண்டு ஊக்கமுற்ற கலைக் கல்லூரி மாணவி ஜீனா பர்ச், மடீராத் தீவிற் பிறந்த ஆனா ட சில்வாவோடு கூடிக் குழுவைத் தொடங்கினார். முதலில் ஆடவரும் உடனிருந்தனர். பின்னரே அது முற்றும் மகளிர் குழுவாயிற்று. ஸ்லிட்ஸை விட்டு வந்த ஸ்பெயின் நாட்டுப் பால்மாலிவ் முரசறைந்தார்.

ஈண்டொன்று நோக்கற்பாலது. நால்வரும் கல்லாதவரல்லர். வயலின் வாசித்த விக்கி ஆஸ்பினல் மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதத்தை முறைப்படி பயின்றவர். அவர் வில் உராய்ந்து கீச்சிடுவது இயலாமையாலன்று. வேண்டியே அங்ஙனம் வாசிக்கின்றார். கற்றவரும் கற்கின்றவரும் ஒருவரையொருவர் திருத்தாது உடன் செல்லும் அவ்வோசையை வேறெங்கும் கேட்டல் அரிது. சில பாட்டுகள் இடையே குலைந்துவிடுகின்றன என்பதையும் மறைத்தற்கில்லை.

‘ஆஃப் டியூட்டி டிரிப்’ என்னும் பாட்டைக் கேளுங்கள். ஒரு பெண்ணைக் கெடுத்த போர்வீரனொருவனுக்கு, அவன் உத்தியோகம் பாழாகலாகாதென நீதிமன்றம் இரங்கிய வழக்கைப் பற்றியது அது. அதனைக் குழைவும் கமழ்வுமாகப் பாடினால் பொருள் என்னாகும்? குரல்கள் ஒன்றன்மேலொன்று மோதுவதே அப்பாட்டுக்குத் தக்க முறை. ‘கிங்க்ஸ்’ குழுவினர் 1970-ல் ஆண்குரலிற் பாடிய ‘லோலா’வையும் இவர்கள் பாடியுள்ளனர். ஆணா பெண்ணா எனத் திகைப்பூட்டும் ஒருவரைப் பற்றிய அப்பாட்டு பெண்வாயிற் புகுந்தவுடன் திகைப்பு இருமடங்காகின்றது!

பெண்களென்னும் இரக்கத்தாற் கிடைத்த புகழே இஃதென்பாருமுளர். குழு 1984-ல் கலைந்தது. அதன்பின், 1992-ம் ஆண்டில், உலகப் புகழ்பெற்ற ‘நிர்வாணா’ குழுவின் தலைவர் கர்ட் கோபேன் லண்டனில் ஆனா வேலை செய்த பழம்பொருட் கடையைத் தேடிச் சென்றார். மறுவருடம் அத்தட்டு மீண்டும் பதிப்பிக்கப்பட்டபொழுது அதற்கு முகவுரை எழுதியவரும் அவரே. அவர் கடை தேடிப் போனதன் காரணம் வேறொன்றுமில்லை: பன்முறை கேட்டுத் தேய்ந்துபோன தம் பிரதிக்குப் பதிலாக வேறொன்று வேண்டியிருந்தது.