மண்ணுக்கு விலையா? முத்திரைக்கு விலையா?

பைபாஸ் ஓரம் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். வயலில் வெள்ளைக்கல் நட்டு, கலர் கொடி கட்டி, 'டி.டி.சி.பி. அப்ரூவ்டு' என்று போர்டு வைத்திருப்பார்கள். பக்கத்திலேயே அங்கீகாரம் இல்லாத மனை. மண் ஒரே மண்தான். விலை மட்டும் ஏன் வேறு? புரோக்கரைக் கேட்டால், "சீல் விழுந்த பேப்பருக்குத்தான் சார் காசு!" என்பார்.

தவறு! அங்கீகாரம் வேண்டுமானால் சாலைக்கு இடம் விட்டு, அதை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட லேஅவுட் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதம் பொது இடமாக விட வேண்டும். கூடுதல் விலை அந்த ரோட்டுக்கும் பூங்காவுக்கும்தான். முத்திரை அதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான்.

இது இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை போட்டது. பெண்ணின் கல்யாணத்துக்கென்று வாங்கிப்போட்ட மனையை அவசரத்துக்கு விற்க முடியாமல் எத்தனை பேர் தவித்தார்கள்! 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டியது யார்? விற்றுவிட்டுப் போனவர் அல்ல, பெரும்பாலும் வாங்கியவர்தான்!

சிவில் தோழர்களே! நாளை அந்த பிளானை வரையப்போவது நாம்தான். "பார்க் இடத்துல ரெண்டு மனை தேத்திக் குடுங்க தம்பி" என்று நிச்சயம் கேட்பார்கள். "முடியாதுங்க" என்று சொல்ல இப்போதே பழகுவோம். முத்திரை குத்துவது அதிகாரி. அதற்கு மதிப்பு தருவது நம் ஸ்கேலும் பென்சிலும்!