கடகடக்கும் லென்சு: கழற்றாதீர்கள்!

தேங்காய் வாங்கும்போது காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். சத்தம் கேட்டால் மகிழ்ச்சி. தண்ணீர் இருக்கிறது!

காமிரா லென்சை ஆட்டும்போது "கடகட" என்று சத்தம் கேட்டால் மட்டும் முகம் வெளுத்து விடுகிறது. "ஐயோ, உடைந்து விட்டதே!" என்று பழுது பார்க்கும் கடைக்கு ஓடுகிறார்கள். கடைக்காரர் நல்லவராக இருந்தால், "ஒன்றும் இல்லை, எடுத்துப் போங்கள்" என்பார். எல்லோரும் அப்படி இருப்பார்களா?

சத்தம் கேட்டதும் பணத்தை எடுத்து நீட்டுவது தவறு. கேட்காதது போல இருந்து விடுவதும் தவறு. என்ன சத்தம் என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதை வீட்டிலேயே செய்யலாம்.

மிதக்கும் கண்ணாடி

படம் எடுக்கும்போது யாருக்கும் கை சிறிது நடுங்கும். நடுங்கினால் படம் கலங்கும். இதற்கு மருந்தாக வந்ததுதான் நடுக்கம் தடுக்கும் லென்சு. 1995-ம் ஆண்டில் கானன் கம்பெனி 75-300 மில்லி மீட்டர் லென்சு ஒன்றில் இந்த வசதியை வைத்தது. கழற்றி மாட்டும் எஸ்.எல்.ஆர். காமிரா லென்சுகளில் அதுவே முதல்.

லென்சுக்குள் பல கண்ணாடிகள் உண்டு. அவற்றில் சில மட்டும் இறுக்கிப் பொருத்தப்படாமல் மிதந்து கொண்டிருக்கும். கை அசைந்தால், அதற்கு ஈடாக மின்காந்தம் அந்தக் கண்ணாடியை நகர்த்தும். சுவிட்சை அணைத்து விட்டால்? பிடித்து நிறுத்த ஆள் இல்லை! பல லென்சுகளில் கண்ணாடி தொங்கலாக நிற்கிறது. ஆட்டினால் இடிக்கிறது. அதுதான் அந்தக் "கடகட"! (சில லென்சுகளில் அது தானாகப் பூட்டிக் கொள்ளும். அவை சத்தம் போடுவதில்லை.)

சில காமிராக்களில் படம் பதியும் சென்சார் தகடே மிதக்கிறது. கைப்போனும் தப்பவில்லை. 2012-ல் வந்த நோக்கியா லூமியா 920 போனில் இந்த வசதி இருந்தது. இப்போது பல போன்களில் இருக்கிறது. போனை ஆட்டினால் "டக் டக்" என்கிறதா? போனில் காமிராவைத் திறந்து வைத்துக் கேளுங்கள். சத்தம் அடங்கினால் கவலை இல்லை.

சின்னப் பரீட்சை

லென்சைக் காமிராவில் மாட்டுங்கள். சுவிட்சைப் போடுங்கள். நடுக்கம் தடுக்கும் விசையையும் போடுங்கள். படம் எடுக்கும் பொத்தானைப் பாதி அழுத்தியபடி மெல்லச் சாய்த்துப் பாருங்கள். சத்தம் நின்று விட்டதா? பையில் போட்டுக் கொண்டு கலியாணத்துக்குக் கிளம்பலாம்.

நிற்கவில்லையா? முன்னால் மாட்டியுள்ள பில்டர் வளையம் தளர்ந்திருக்கலாம். கையால் திருகினால் தீர்ந்தது. அடுத்து, பின்புறம் காமிராவில் மாட்டும் வளையத்தைப் பாருங்கள். சுற்றிலும் சிறு ஸ்குருக்கள் இருக்கும். தளர்ந்திருந்தால் இறுக்கலாம். ஆனால் வீட்டுத் திருப்புளி வேண்டாம்! ஜப்பான் லென்சு ஸ்குருவின் பள்ளம் பெரும்பாலும் ஜே.ஐ.எஸ். என்ற அளவில் இருக்கும். சாதாரண பிலிப்ஸ் திருப்புளி அதில் சரியாக உட்காராது. வழுக்கிப் பள்ளம் மழுங்கி விட்டால் கடைக்காரருக்கும் தலைவலிதான்.

எது ஆபத்து?

மூக்குத்தித் திருகாணி உருளுவது போல "கிளிங்" என்று மெல்லிய சத்தம் வருகிறதா? உள்ளே ஸ்குரு கழன்றிருக்கலாம். மேலும் ஆட்டாதீர்கள்! கண்ணாடியில் கீறல் விழும். சூம் வளையத்தையும் திருகாதீர்கள். நடுவில் சிக்கிக் கொள்ளும்.

லென்சு கீழே விழுந்த பிறகு சத்தம் வந்ததா? செய்தித்தாளை விரித்துச் சுவரில் ஒட்டுங்கள். நேர் எதிரே நின்று படம் எடுங்கள். நான்கு மூலை எழுத்தும் ஒரே மாதிரி தெரிந்தால் நல்லது. ஒரு பக்கம் மட்டும் கலங்கினால் கண்ணாடி இடம் மாறியிருக்கக் கூடும். பழுது பார்ப்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.

வீட்டில் பிரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். கண்ணாடி மயிரிழை விலகினாலும் படம் கெடும். பிளாஷ் உள்ள காமிராவைப் பிரித்தால் உயிருக்கே வம்பு! பாட்டரியை எடுத்த பிறகும் உள்ளே சுமார் 300 வோல்ட் மின்சாரம் தேங்கி நிற்கலாம். பிள்ளைகள் கையில் திருப்புளி கிடைக்காமல் பார்த்துக் கொள்ளுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஆட்டினால் சத்தம் வரும், பயப்படாதீர்கள்" என்று விற்கும்போதே சொன்னால் என்ன குறைந்து விடும்? பழுது பார்த்தவர் எந்த ஸ்குரு கழன்றது என்று காட்டட்டும். கேட்பதற்கு வாடிக்கைக்காரர் கூச்சப்பட வேண்டியதில்லை.

பழைய லென்சை விற்கப் போனால், "உள்ளே ஆடுகிறதே" என்று விலையைக் குறைக்கப் பார்ப்பார்கள். வாதாடாதீர்கள். காமிராவில் மாட்டி, சுவிட்சைப் போட்டு, அவர் காதருகே சாய்த்துக் காட்டுங்கள்.