கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் போதுமா?

போக்குவரத்துக் கொள்கை அமைச்சரின் வேலை, அரச சட்டவாதி கேட்ட கேள்விக்குச் சட்டம் சொன்னால் போதும் என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது.

பெரியகல்லாறு பிரதான வீதியில் நின்று பாருங்கள். கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் தனியார் பஸ் மாகாண அதிகாரசபையின் கீழ். பின்னால் வரும் கொழும்பு பஸ் தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் கீழ். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் பிரித்த அதிகாரம் இது. 2017 செப்டெம்பரோடு கிழக்கு மாகாண சபையின் காலம் முடிந்துவிட்டது. மாகாணப் போக்குவரத்து நியதிச்சட்டத்தைத் திருத்த வேண்டுமென்றால் அங்கே உறுப்பினர்களே இல்லை. இதைச் சொல்லாத சட்ட ஆலோசனை அரைகுறை.

இன்னோர் உதாரணம்: 2021 நவம்பர் 23இல் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் படகுப்பாதை கவிழ்ந்தது. பாடசாலைப் பிள்ளைகளும் இறந்தார்கள். பழைய பாலம் இல்லை, புதிய பாலம் முடியவில்லை. இடைக்காலத்தில் சனத்தைக் கரைசேர்க்கும் பொறுப்பு யாருடையது, அனுமதி யார் கொடுப்பது என்று சாவுக்குப் பிறகே எல்லோரும் கேட்டார்கள். பால வேலை தொடங்குமுன், எவரும் கேட்காவிட்டாலும், கோப்பில் ஒரு சட்டவாதி எழுதியிருக்க வேண்டிய கேள்விகள் இவை. முடிவு அமைச்சருடையதாகவே இருக்கட்டும். பொறுப்பு யாரிடமும் இல்லை என்று அவருக்கு எழுத்தில் சொல்வது கொள்கையில் தலையிடுவதல்ல; அதற்குத்தான் அரசு சட்டவாதிக்குச் சம்பளம் கொடுக்கிறது.