ஆங்கிலத்தின் நீண்ட சொற்களுக்கு வாய்மொழித் தேர்வு வேண்டும்

புதுக்கோட்டையின் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைக்கு 'அன்ஃபார்ச்சுனட்லி' போன்ற வினையடை ஒரு மலைப்புதான். சொல் நீளமானது என்பதால் மட்டுமல்ல. எழுத்தைப் பார்த்தபடியே வாசிக்கத் தமிழ் பழக்கியிருக்கிறது. ஆங்கிலம் அந்த நம்பிக்கைக்கு இடம் கொடுப்பதில்லை.

அந்தச் சொல்லில் ஐந்து அசைகள்: அன், ஃபார், ச்சு, னட், லி. குரல் அழுந்துவது இரண்டாவதில். எழுத்தைப் பார்த்தால் 'நேட்' என்று நீட்டத் தோன்றும் நான்காவது அசை, பேச்சில் 'னட்' என்று சுருங்கிவிடும். கடைசியில் ஒட்டும் 'லி' அழுத்தத்தின் இடத்தை மாற்றுவதில்லை. ஆனால் 'இக்' ஒட்டினால் இடம் மாறக்கூடும். 'எகானமி'யில் 'கா' மீது இருந்த அழுத்தம் 'எகனாமிக்'கில் 'னா'வுக்கு நகர்ந்து, 'எகனாமிக்லி'யிலும் அங்கேயே நிற்கும். எழுத்தில் இருக்கும் 'கலி' வாயில் 'க்லி' ஆகிவிடும். 'பேசிக்லி'யும் அப்படித்தான்.

இதைப் பிடிக்கத் தேவையான செவி இந்தப் பிள்ளைகளிடம் இருக்கிறது. 'வேகமாக' என்பதை வே, கமா, க என்று அலகிட்டுக் கூவிளங்காய் என்று வாய்பாடு சொல்பவர்கள் அவர்கள். 'கமா' போன்ற தமிழின் நிரையசையில் ஆங்கில அசை இரண்டு அடங்கும் என்பதை மட்டும் ஆசிரியர் விளக்கினால் போதும்.

வாயால் பழகும் வழிக்கு இதே புதுக்கோட்டை மாவட்டத்திலேயே பழைய சான்று உண்டு. குடுமியான்மலைக் குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில், ஏழு அல்லது எட்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இசைக் கல்வெட்டு இருக்கிறது. பாட்டு வரிகள் இல்லை. ச, சி, சு, செ எனச் சுரங்களே உயிர் மாறி மாறி, நான்கு நான்காகப் பிரித்து வெட்டப்பட்டுள்ளன. வாயும் விரலும் பழக எழுதப்பட்ட பாடம் அது.

நம் பள்ளிகளில் இது தலைகீழாக நடக்கிறது. பழைய பத்தாம் வகுப்பு ஆங்கில வினாத்தாளில் அசை பிரிக்கும் கேள்வி இருந்தது. சொல்லை வாய்விட்டு ஒருமுறைகூடச் சொல்லாமலே மதிப்பெண் வாங்கிவிடலாம். இன்றும் ஆங்கிலத்தின் நூறு மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வுக்கே.

லட்சக்கணக்கான மாணவர்களைப் பேசவைத்துத் தேர்வு நடத்த முடியுமா என்று கேட்கலாம். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைத் தேர்வை இதே பள்ளிகள்தான் ஆண்டுதோறும் நடத்துகின்றன. ஆங்கிலத்திலும் ஒரு பத்து மதிப்பெண்ணை வாய்க்கு ஒதுக்கட்டும். ஒரு பத்தியை உரக்க வாசிப்பது, ஐந்து நீண்ட சொற்களை அழுத்தம் பிசகாமல் சொல்வது, இவ்வளவு போதும். தேர்வில் வந்துவிட்டால், ஆறாம் வகுப்பிலேயே பயிற்சி தொடங்கிவிடும்.