பள்ளிக்குப் போகும் பாதை யாருக்குச் சொந்தம்?

பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று மேடைக்கு மேடை நமக்கு உபதேசம் நடக்கிறது. படிக்க வைக்கத்தான் செய்கிறோம். ஆனால் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை அந்தப் பிள்ளை பயமில்லாமல் நடந்து போக ஒரு பாதை போட்டுத் தாருங்கள் என்று கேட்டால், உபதேசம் செய்த கனவான்களில் ஒருவரையும் காணோம்!

மும்பையில் உழைத்துப் பிழைக்கும் தமிழனின் பிள்ளை காரில் ஏறிப் பள்ளிக்குப் போவதில்லை. பள்ளி வண்டிக்கு மாதாமாதம் கட்டப் பணம் கிடையாது. தாராவியானாலும் சயான் கோலிவாடாவானாலும் செம்பூரானாலும் நம் பிள்ளைக்குக் கால்களே வாகனம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்துக்கு மத்திய அரசு 2010-ல் விதிகள் வகுத்தது. 5-ஆம் வகுப்பு வரை 1 கிலோமீட்டருக்குள்ளும், 6 முதல் 8 வரை 3 கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன அந்த விதிகள். வழியில் ஆபத்து இருந்தால், அதைத் தவிர்க்கும் விதமாகத் தூரத்தைக் குறைத்துப் பள்ளி அமைக்க வேண்டும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ஆனால் வரைபடத்தில் அடிக்கோல் வைத்தால் தூரம் மட்டும்தான் தெரியும். நடுவே லாரி ஓடும் சாலை இருக்கிறதா, தண்டவாளம் இருக்கிறதா என்று அடிக்கோல் சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. மும்பை மாநகராட்சி 8 மொழிகளில் பள்ளி நடத்துகிறது. தமிழும் அவற்றில் ஒன்று. ஆனால் தமிழ்ப் பள்ளி தெருவுக்குத் தெரு கிடையாது. பக்கத்திலேயே பள்ளி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, அதில் தமிழ் இல்லை. தாய்மொழியில் படிக்க ஆசைப்பட்ட குற்றத்துக்குத் தண்டனையாக நம் பிள்ளை கூடுதல் தூரம் நடக்கிறது. 14 வயதோடு சட்டமும் கைவிட்டுவிடுகிறது. வழியில் பயம் என்றால் வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது பெண்பிள்ளைதான் என்பது நமக்குத் தெரியாததா?

ரயில்வேயில் குப்பை கொட்டும் நமக்குத் தண்டவாளத்தின் கதையும் தெரியும். 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-வது பிரிவு, அத்துமீறித் தண்டவாளம் கடப்பவனுக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம் என்கிறது. பாலம் கட்டாதவனுக்கு எந்தப் பிரிவு? அனில் ககோட்கர் தலைமையிலான உயர்மட்டக் குழு 2012-ல் தந்த அறிக்கை, ஆண்டுக்கு ஏறத்தாழ 15,000 பேர் இப்படிச் சாகிறார்கள், அதில் 6,000 பேர் மும்பைப் புறநகர்த் தடத்தில் என்று கணக்குச் சொன்னது. 1912-ல் கட்டிய சயான் மேம்பாலத்தை மறுபடி கட்டுவதற்காக 2024 ஆகஸ்டில் மூடினார்கள். வண்டிகள் எந்த வழியாகச் சுற்றிப் போக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. புத்தகப் பை சுமக்கும் பிள்ளை எந்த வழியாகப் போகும் என்றல்லவா முதலில் கேட்டிருக்க வேண்டும்!

நடைபாதைக்கு வருவோம். 1981-ல் மாநகராட்சி நடைபாதைவாசிகளை விரட்டியது. அவர்களில் ஒருவர் 1961-ல் சேலத்திலிருந்து பிழைப்பு தேடி வந்த நிலமற்ற உழைப்பாளி. குடிசையை இடித்து, அவரைச் சேலத்துக்கே பஸ் ஏற்றி அனுப்பினார்கள். ஓல்கா டெல்லிஸ் வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் சுப்ரீம் கோர்ட் 1985-ல் தீர்ப்புச் சொன்னது. பிழைப்பும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று ஒப்புக்கொண்டது; ஆயினும் நடைபாதை நடப்பவர்களுக்கே என்று சொல்லி, மழைக்காலத்துக்குப் பின் அகற்ற அனுமதித்தது. சரி, குடிசை போயிற்று. நடப்பவனுக்கு இடம் வந்ததா? கார் ஏறி நிற்கிறது! கோவை எலும்பு மருத்துவர் ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2025 மே மாதம் அதே கோர்ட், நடைபாதை குடிமக்களின் வாழ்வுரிமையைச் சேர்ந்தது என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஏழையை அகற்ற உடனே செல்லுபடியான நியாயம், காரை அகற்ற 40 ஆண்டாகியும் செல்லுபடியாகவில்லை. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் மாண்ட 1,68,491 பேரில் 32,825 பேர் நடந்து போனவர்கள். இது அரசாங்கமே வெளியிட்ட கணக்கு.

நடைபாதையை அடைப்பவன் இட்லிக்கூடைக்காரன்தான் என்று சிலர் கிளப்பிவிடுவார்கள். நம்பாதீர்கள். தெரு வியாபாரிக்கு இடம் ஒதுக்கித் தர 2014-லேயே சட்டம் வந்துவிட்டது. ஒரு கார் நிற்கும் இடத்தில் இரண்டு கூடைக்காரர்கள் உட்காரலாம். பிள்ளைகள் போகவும் வழி இருக்கும்.

சைக்கிள் விஷயத்தையும் பாருங்கள். தமிழ்நாட்டில் 2001-02-ல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குத் தொடங்கிய இலவச சைக்கிள் பிறகு எல்லோருக்கும் விரிந்தது. பீகாரில் 2006 முதல் 9-ஆம் வகுப்பு மாணவியருக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் பெண்கள் சேர்க்கை 32 சதவீதம் கூடியது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். மும்பையில் நடந்தது என்ன? தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றின் அக்கரையில், பாந்த்ரா-குர்லா வளாகத்தில் 2011-ல் கோடிகளைக் கொட்டிச் சைக்கிள் பாதை போட்டார்கள். அது கார் நிறுத்தும் இடமாயிற்று. இக்கரையில் இருக்கும் பிள்ளைகளைக் கேட்டிருந்தால் பாதை எங்கே வேண்டும் என்று சொல்லியிருப்பார்கள்.

நாம் கேட்பது சலுகையல்ல, உரிமை.

1. ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளியைச் சுற்றியும் 1 கிலோமீட்டருக்குத் தடையில்லாத நடைபாதை வேண்டும்.

2. பிள்ளைகள் தண்டவாளம் கடக்கும் இடமெல்லாம் நடைமேம்பாலம் வேண்டும். பழைய பாலத்தை மூடுமுன் மாற்றுப் பாதை திறக்க வேண்டும்.

3. தமிழ்ப் பள்ளிக்குத் தொலைவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குச் சைக்கிளும், அதை ஓட்டப் பாதையும் வேண்டும்.

4. பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் அந்தத் தெருக்களில் கனரக வண்டிகள் ஓடக்கூடாது.

தோழர்களே! நம் பேட்டையில் பிள்ளைகள் நடக்கும் வழியை இந்த மாதமே நாமும் நடந்து பார்ப்போம். எங்கே நடைபாதை முடிகிறது, எங்கே தண்டவாளம் குறுக்கிடுகிறது என்று எழுதிச் சங்கத்தில் கொடுங்கள். அந்தக் காகிதக் கட்டோடு வார்டு ஆபீஸ் வாசலுக்குப் போவோம். ஓட்டுக் கேட்க நம் சந்துக்குள் நடந்து வரத் தெரிந்தவர்களை, பள்ளி வரைக்கும் நம்மோடு நடக்க வைப்போம்!